பூனை எங்களுடையது அல்ல

செப்டம்பர் 14, ஞாயிறு

மாலையில் மொட்டை மாடியில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். முக்கால்வாசி வீட்டார் வந்திருந்தார்கள். மற்றவர்கள் சுண்டல் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு வருகிற கூட்டம். செயலாளர் என்ற முறையில் நான் கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு நாய்க்கும் பூனைக்கும் உரிமையாளர் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையைச் செயலாளரிடம் காட்ட வேண்டும். உரிமையாளர் இல்லாத பிராணியை ஆள் வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். கெடு அக்டோபர் 12, அடுத்த கூட்டம். 'இப்படிக்கு, குற்றாலலிங்கம், செயலாளர்' என்று நோட்டீசில் கையெழுத்துப் போட்டு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன்.

தீர்மானத்துக்குக் காரணம் பொதுநலம். மூன்றாம் மாடி ஜெபக்கனி டீச்சரின் நாய் டைகர் என்னைக் கண்டால் மட்டும் குரைக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர்தான் டைகர், ஆள் தலையணை உயரம். தபால்காரரைப் பார்த்தால் வாலாட்டும். போன வருடம் கேபிள் ஒயரை அறுத்துக்கொண்டு போன திருடனைப் பார்த்தும் வாலாட்டியதாகக் கேள்வி. என்னைப் பார்த்தால் மட்டும் ஒரே தாவல், அதுவும் என் சட்டைப் பையைக் குறிவைத்து. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளியவன் நான். டிக்கெட் வாங்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். டைகரின் முகத்தில் ஊசி போட்ட களையே கிடையாது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் என் சாய்வு நாற்காலியில் அந்தச் செம்பட்டைப் பூனை படுத்திருந்தது. அது எங்கள் பூனை அல்ல. காலையில் வரும், இரவில் போகும். அல்லது இரவில் வரும், காலையில் போகும். சில வாரங்கள் போகாது. தூங்குகிறதை எழுப்புவானேன் என்று நான் பிரம்பு மோடாவில் உட்கார்ந்துகொண்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலேயே ஜெபக்கனி டீச்சர் வந்துவிட்டார். விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசிலை மட்டும் இன்னும் கழற்றவில்லை. ஒரு கையில் டைகர், இன்னொரு கையில் கோப்பு.

"செயலாளர் அண்ணாச்சி, இந்தாங்க. குட்டியா இருந்ததுல இருந்து போட்ட ஊசி அம்புட்டுக்கும் அட்டை இருக்கு. பாத்துக்கிடுங்க."

எல்லா அட்டைகளுக்கும் பிளாஸ்டிக் உறை. முன்னும் பின்னும் திருப்பினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தேதி, முத்திரை, டாக்டர் கையெழுத்து, டைகரின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் உட்பட எல்லாம் இருந்தன. மிகவும் மகிழ்ச்சி என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

"உங்க பூனைக்கு எப்போ போடப் போறிய?"

"எங்க வீட்ல பூனை கெடையாது டீச்சர். இது சைவ வீடு. எங்க தாத்தா காலத்துல இருந்து இந்தக் குடும்பத்து வாசப்படிய ஒரு மீன் தாண்டுனது இல்ல. பூனைய வெச்சுக்கிட்டு என்ன செய்ய?"

அந்த நேரம் பார்த்துப் பூனை சமையலறையிலிருந்து வந்தது. என் காலில் உரசியது. மடியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடியது.

"அப்போ இது யாரு?"

"வழிப்போக்கன்," என்றேன். டைகர் என் சட்டைப் பையைப் பார்த்து உயிர் போகிற மாதிரி குரைத்தது. டீச்சர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பர் 17, புதன்

காலை நடை. வீட்டைச் சுற்றி நடந்தால் போதாது என்று மார்க்கெட் வரைக்கும் போனேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. திரும்பும்போது சட்டைப் பையில் சின்னப் பொட்டலம் ஒன்று. அதற்குள் என்ன என்று இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. நடப்பது உடம்புக்கு நல்லது.

பூனையின் முடி பளபளப்பாக இருக்கிறதே என்று வடிவு கேட்டாள். தயிர்ச்சோறு தின்றால் அப்படித்தான் என்றேன். என் மனைவி எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சங்கப் பொருளாளர் பீர் பாய் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். தரைத்தளத்தில் இருப்பவர். வேலை என்று வந்தால் ரொம்பச் சுறுசுறுப்பு. இன்று அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, பூனை பிடிக்க ஆள் சொல்லியாச்சு. கங்கைகொண்டானத் தாண்டிக் கொண்டுபோயி விட்டுருவானாம். அதுக்கு ஆரும் உரிமை கொண்டாடலேல்லா?"

"இல்ல."

"அப்போ வரச் சொல்லிரட்டா?"

"கெடு வரைக்கும் பொறுங்க பாய். சட்டம்னா சட்டம்."

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன். கங்கைகொண்டான் பக்கம் காடு. இந்தப் பூனைக்கு ஃபேன் ஓடாவிட்டால் தூக்கம் வராது. வடிவு கிண்ணத்தில் பாலை ஊற்றிக்கொண்டே, "நம்ம பூனைன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு," என்றாள். அது எப்படி முடியும்? தீர்மானம் கொண்டுவந்த செயலாளர் வீட்டிலேயே ஊசி போடாத பூனை என்ற பேச்சு வரும். சைவ வீட்டில் மீன் தின்னும் பூனையா என்ற பேச்சு அதற்குப் பின்னால் வரும். அது தயிர்ச்சோறுதான் தின்கிறது என்பது வேறு விஷயம்.

இருபத்தெட்டாம் தேதி வெறிநோய் தினமாம். கால்நடை ஆஸ்பத்திரியில் இலவச ஊசி முகாம் நடத்துகிறார்கள். முதலில் ஊசியைப் போட்டுவிடுவோம், உரிமையாளர் யார் என்பதைப் பிறகு யோசிக்கலாம். தெருக்குழாய் ஒழுகினால் நாமே அடைப்பதில்லையா? அந்த மாதிரி ஒரு பொதுக் காரியம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். காரணம் கீழே.

பூனையைப் பிடிக்க நேற்றே திட்டம் தயார். வயர் கூடை, மேலே கட்டுவதற்கு வடிவின் பழைய நூல் சேலை, கூடைக்குள் பொட்டலம். பூனை கூடைக்குள் போனது. பொட்டலத்தைக் காலி செய்தது. நான் சேலையை விரிப்பதற்குள் வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டது. இரண்டாவது பொட்டலத்துக்கும் அதே மரியாதை நடந்தது. மூன்றாவதை எடுக்கும்போது வடிவு குளித்துவிட்டு வந்தாள். "இங்கன வா," என்றாள். பூனை போனது. தூக்கிக் கூடையில் வைத்துச் சேலையைக் கட்டி என் கையில் கொடுத்தாள். பொட்டலத்தைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. அதை அவசரமாகச் சட்டைப் பையில் போட்டேன். அதுதான் நான் செய்த தவறு.

பாளையங்கோட்டையில் இத்தனை நாய்கள் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கால்நடை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நான் நுழைந்ததும் வரிசையே என் பக்கம் திரும்பியது. ராஜபாளையம் ஒன்று இரண்டு காலையும் என் தோளில் போட்டு முகத்தோடு முகம் பார்த்தது. நாட்டு நாய் ஒன்று பின்னாலிருந்து வேட்டியைப் பிடித்தது. அடுத்த ஊசிக்காக டீச்சரோடு வரிசையில் நின்ற டைகர் தன் பங்குக்குக் குரைத்தது.

"பெரியவரே, பையில என்ன வெச்சிருக்கீரு?" என்று ஒருவர் கேட்டார்.

"மூக்குப்பொடி."

"எங்க நாய் மூக்குப்பொடிக்கு இப்படிப் பறக்காதே!"

நாய்ச் சத்தம் கேட்டுக் கூடைக்குள் பூனை உருண்டது. சமாதானப்படுத்தலாம் என்று சேலைக்குள் கையை விட்டேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகத்தால் இழுத்து, கடைசியில் கட்டைவிரலில் ஒரு கடி. இதைப் பகையால் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் பதறத்தான் செய்யும்.

டாக்டர் முத்தரசி ஓடி வந்தார். சின்ன வயசுதான், ஆனால் குரலில் அதிகாரம் இருந்தது.

"சார், உங்க பூனையா?"

"இல்லம்மா. பொது."

"ஊசி போட்ட பூனையா?"

"போடத்தான வந்தேன்."

"கடிச்ச பூனைக்கு இப்ப போட மாட்டோம். பத்து நாள் வீட்டுக்குள்ள வெச்சுக் கவனிங்க. நல்லா இருந்துச்சுன்னா அப்புறம் கூட்டிட்டு வாங்க. நீங்க மொதல்ல அந்தக் குழாயில சோப்புப் போட்டு நல்லா நேரம் எடுத்துக் கழுவுங்க. அப்படியே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இன்னைக்கு ஊசி உங்களுக்குத்தான்."

கூடையை ஜெபக்கனி டீச்சர் வாங்கிக்கொண்டார். "வழிப்போக்கருக்கு நல்ல பல்லு," என்றார். ஸ்கூட்டரில் முன்னால் டைகர், பின்னால் பூனை, விசில் ஊதிக்கொண்டே போய்விட்டார்.

ஊசிக்கு நான் பயப்படுகிறவன் அல்ல. அதை நேரில் பார்க்கும் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். "பெரியவரே, இன்னும் ஊசிய எடுக்கவே இல்ல, அதுக்குள்ள எதுக்குக் கத்துதிய?" என்றார் நர்ஸ். இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று. காயத்தைச் சுற்றியும் போட்டார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. இன்னும் மூன்று முறை வர வேண்டுமாம்.

பூனைக்கு ஊசி போடப் போனேன். நான் ஊசியோடும் பூனை ஊசி இல்லாமலும் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம்.

செப்டம்பர் 29, திங்கள்

டாக்டர் உத்தரவுப்படி பூனை பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் இருக்கும். நானாக வைத்துக்கொள்ளவில்லை என்பதைப் பீர் பாயிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

கவனிப்பு விவரம். காலையில் தூங்கியது. எழுந்து சாப்பிட்டது. இடம் மாறித் தூங்கியது. மதியம் என் மேல் தூங்கியதால் நான் எழுந்திருக்க முடியாமல் சாப்பாட்டை வடிவு இங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். நடத்தையில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சாயங்காலம் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, காலி அட்டைப் பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டுச் செவத்தையே பாக்கு."

"அது பூனை சார்."

வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் மறுபடியும் போட வேண்டியதாயிற்று.

"ஒண்ணுமே இல்லாத எடத்தப் பாத்து ஓடுது. பாதியில நின்னு வேற பக்கம் ஓடுது."

"அதுவும் பூனைதான் சார்."

"மேசை மேல இருந்த டம்ளர மெதுவாத் தள்ளிக் கீழ விட்டுட்டு என் மொகத்தையே பாக்கு."

"சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா? அப்ப நல்லா இருக்கு. போனை வைங்க சார்."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் வடிவு கிரைண்டர், மிக்சி, அரிவாள்மணை, என் ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பார்த்தால் பூனையின் நெற்றியிலும் வட்டமாக ஒரு பொட்டு.

"இது என்ன ஆயுதமா?"

"ஒங்க கையப் பாருங்க," என்றாள்.

பொரிகடலையில் அதற்கும் பங்கு வைத்தாள். மோந்து பார்த்துவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தது. கண்ணால் அடக்கினேன்.

பிறகு இரண்டாவது ஊசி. "பூனை உசுரோட இருக்கா?" என்று நர்ஸ் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். "அப்போ நீங்களும் இருப்பிய, கையக் காட்டுங்க," என்றார். இந்த முறை ஊசியை எடுத்த பிறகுதான் கத்தினேன்.

அக்டோபர் 3, வெள்ளி

பீர் பாய் மறுபடியும் கேட்டார். பத்து நாள் முடிந்ததும் பிடிக்கிறவனை வரச் சொல்லலாமா என்று. எனக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது. நேராக மூன்றாம் மாடி ஏறினேன்.

"டீச்சர், உங்களுக்கோ பிராணின்னா உசுரு. அந்தப் பூனைய நீங்க எடுத்துக்கிட்டா என்ன? உங்க வீட்ல மீனும் பொழங்கும். அதுக்கும் சௌரியம்."

டீச்சர் டைகரைக் கீழே இறக்கிவிட்டார். "எனக்கென்ன அண்ணாச்சி, தாராளமா எடுத்துக்கிடுதேன். ஆனா ஒண்ணு. பூனை எம் பேருல இருந்தா எங்க வீட்லதான் இருக்கும். பேரு எனக்கு, பூனை உங்களுக்குங்கிற கத கெடையாது. சம்மதமா?"

"எங்களுக்கு எதுக்குப் பூனை?" என்று சிரித்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு?"

பிரச்சினை தீர்ந்தது. பூனைக்குக் காடு இல்லை, செயலாளருக்குக் கெட்ட பேர் இல்லை. பெரிய நிம்மதி. ராத்திரி உப்புமா இறங்கவில்லை. ஊசியினால் இருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மூன்றாவது ஊசி. கத்தவில்லை. வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

டீச்சருக்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னதிலிருந்து வடிவு என்னோடு பேசவில்லை. காபி வருகிறது, சத்தம் இல்லாமல் வருகிறது.

இன்று என் சட்டையைத் துவைக்க எடுத்துப் போய்விட்டாள். பைக்குள் பொட்டலம் இருந்தது எனக்குப் பாதிக் குளியலில் நினைவு வந்தது. ஈரத்தோடு ஓடி வந்தேன். சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பொட்டலத்தில் இருந்தது ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில், மேலே தட்டுப் போட்டு மூடி, பால்கனியில் இருந்தது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு கிண்ணம். திறந்து பார்த்தேன். வேகவைத்த மீன் தலை.

"இது ஏது?"

மூன்று நாளைக்குப் பிறகு வடிவு வாயைத் திறந்தாள். "ஞாயித்துக்கெழமதோறும் டீச்சர் வீட்ல வாங்குவேன். நீங்க காலையில நடக்கப் போவியல்லா, அந்நேரம். அதுக்கு ஒங்க கருவாட்டவிட இதுதான் புடிக்கும்."

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. என் கிண்ணத்தைப் பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

பத்து நாள் முடிந்தது. பூனை நன்றாக இருக்கிறது. எடை கூடியிருக்கிறது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

"எதுக்கும் இன்னொரு பத்து நாள் கவனிச்சிருவமா டாக்டரம்மா?"

"தேவையில்ல சார்."

"என் கையி இன்னும் வலிக்கி."

"அது உங்க கை சார். பூனைக்கு என்ன? நாளையில இருந்து நான் லீவு. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, ஊசி போட்டுடலாம்."

மாலையில் டீச்சர் கூடையோடு வந்தார். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வடிவு சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. பூனையை நானே தூக்கிக் கூடையில் வைத்தேன். இந்த முறை கடிக்கவில்லை. கடித்திருந்தால் இன்னும் பத்து நாள் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 9, வியாழன்

நாற்காலி காலியாக இருக்கிறது. மோடாவில்தான் உட்கார்ந்தேன். வீட்டில் பூனை முடி எங்கும் இல்லை. மிகவும் சுத்தம்.

அக்டோபர் 10, வெள்ளி

டைகரும் பூனையும் சண்டை போட்டுப் பொதுமக்களுக்குத் தொந்தரவு ஏற்படுகிறதா என்று செயலாளர் என்ற முறையில் பார்த்துவர மூன்றாம் மாடிக்குப் போனேன். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், காபிக்குப் பிறகு ஒரு தரம்.

சண்டை இல்லை. பூனை ஃபிரிட்ஜ் மேல் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. டைகர் கீழே படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. "எறங்கவே மாட்டேங்கு அண்ணாச்சி," என்றார் டீச்சர். "சீலா மீன வெச்சும் பாத்துட்டேன். தொட மாட்டேங்கு." நான் "சரியாயிரும்" என்றேன். என் குரல் கேட்டதும் அதன் காது மட்டும் திரும்பியது. உடம்பு திரும்பவில்லை. கோபம். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. படியிறங்கி வந்து வெகுநேரம் லிஃப்ட் பக்கத்தில் என் கையெழுத்துப் போட்ட நோட்டீசையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

கூட்டம். இன்று சுண்டல் உண்டு என்பதால் எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். வடிவும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். டீச்சர் டைகரோடு முன்வரிசை.

செயலாளர் அறிக்கை வாசிக்க வேண்டும். எழுந்தேன். "பிராணி ஒன்று, நாய், டைகர். உரிமையாளர் மூன்றாம் மாடி ஜெபக்கனி டீச்சர். அட்டை பார்க்கப்பட்டது, சரி. பிராணி இரண்டு, பூனை. உரிமையாளர்..."

அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்துப் பார்த்தேன். பீர் பாய் எனக்கு உதவியாக, "டீச்சர்தான் அண்ணாச்சி, நாளைக்கு ஊசி போட்டுருதாவளாம். அடுத்ததுக்குப் போங்க," என்றார். எனக்கு ஒரு நெருக்கடியும் இல்லை. பூனையை யாரும் பிடிக்கப் போவதில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேசாமல் வாசித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வரியை என்னால் வாசிக்க முடியவில்லை.

"இது செல்லாது," என்றேன்.

"எது?"

"பூனை டீச்சரோடது இல்ல. என்னோடது."

பீர் பாய்தான் முதலில் பேசினார். "அண்ணாச்சி, நீங்க சைவமாச்சே. அது என்னத்தத் திங்கும்?"

"நெத்திலிக் கருவாடு."

"ஆரு வாங்குவா?"

"நான்தான் வாங்குதேன். மார்க்கெட்ல. போன மழைக்காலத்துல இருந்து." வாய் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "மீன் தலையும் திங்கும். அத வீட்ல அவ பாத்துக்கிடுதா. ஊசியும் இது வரைக்கும் போடல. தீர்மானத்த மொதல்ல மீறுனது செயலாளர்தான். வேற செயலாளரப் போட்டுக்கிடுங்க. பூனைய மட்டும் நான் விடமாட்டேன்."

டீச்சர் எழுந்து நின்றார். "இதச் சொல்ல இம்புட்டு நாளா அண்ணாச்சி? கருவாட்டச் சட்டப் பையில வெச்சுக்கிட்டு லிஃப்ட்ல ஏறுனா எங்க டைகர் கொலைக்காம என்ன செய்யும்? அதுக்கு எப்பவோ தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்வரிசையில் வடிவு முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

செயலாளர் பதவிக்கு வேறு யாரும் முன்வராததால் நானே தொடர்கிறேன். பூனைக்கு ஊசி போட எனக்கு ஒரு நாள் அவகாசம் ஒருமனதாக வழங்கப்பட்டது. கூட்டம் முடிந்து டீச்சர் வீட்டுக் கதவைத் திறந்ததும் பூனை ஃபிரிட்ஜிலிருந்து குதித்தது. என்னைத் தாண்டிப் படியிறங்கி, எங்கள் வீட்டு வாசலில் நின்று, சாவி எடுக்க நான் ஏன் இவ்வளவு நேரம் ஆக்குகிறேன் என்று கத்தியது.

அக்டோபர் 13, திங்கள்

வடிவும் நானும் பூனையும் ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சட்டைப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் புறப்பட்டேன். கூடையை வடிவு மடியில் வைத்துக்கொண்டாள்.

சீட்டுப் போடும் இடத்தில் இருந்த பெண் கேட்டாள். "உரிமையாளர் பேரு?"

"குற்றாலலிங்கம்."

"பூனை பேரு?"

நான் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயர் வைத்தால் வீட்டில் ஒரு ஆள் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். "பூனைன்னே போட்டுக்கம்மா," என்று சொல்லப் போனேன்.

"தங்கப்பழம்," என்றாள் வடிவு.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். தங்கப்பழம் என் அப்பாவின் பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைக் காட்டி, "அவ்வோட்ட கேளுங்க," என்றுதான் சொல்வாள். எங்கள் பக்கம் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். நாங்களும் வைப்பதாகத்தான் இருந்தோம். வைக்க ஆள் வரவில்லை. அந்தப் பெயர் இத்தனை வருடமும் எங்கள் வீட்டில் அப்படியே கிடந்தது. அதைப் பற்றி நாங்கள் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டோம். அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்தாள். வடிவு குனிந்து அட்டையைப் பார்த்தாள். "இனிஷியல விட்டுட்டிய தாயி. 'கு' போடுங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. போட்டாள். கூடைக்குள் கையை விட்டு அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கு. தங்கப்பழம்! கு. தங்கப்பழத்தோட அப்பா அம்மா யாரு? உள்ள வாங்க."

நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம்.